அப்பாரு எழுதிக் கொடுத்த புரோநோட்டு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்க ஊர் நூலகத்துல நான் ஒரு சொற்பொழிவு நடத்தினேன். சிரிக்காதீங்க. வாசகர் வட்டத்துல மாசம் ஒருத்தர் பேசணும்னு ஒரு ஏற்பாடு. இதுக்கு முன்னாடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேசினார், கால்நடை டாக்டர் பேசினார். இந்தத் தடவை என் தலையில விழுந்துடுச்சு. "கடனோட சரித்திரம்"னு தலைப்புக் கொடுத்தேன். முப்பது வருஷமா கூட்டுறவு சொசைட்டி வாசல்ல நின்னவனுக்கு அதை விட்டா வேற என்ன தெரியும்?

அதுல இன்னொரு காரியமும் இருந்துச்சு. பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில பதினொண்ணாவது படிக்கிற ரெண்டு பொண்ணுங்க மாவட்ட அளவுல விவாதப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாங்க. பஸ் செலவு, ரெண்டு நாள் சாப்பாடு, கூடப் போற டீச்சருக்கான செலவு எதுக்கும் பள்ளியில காசில்லை. அதனால கூட்டத்துல ஒரு பித்தளைச் சொம்பு வைப்போம், போடறவங்க போடட்டும்னு முடிவாச்சு. போட்டித் தலைப்பு: "விவசாயக் கடன் தள்ளுபடி உதவியா, உபத்திரவமா?" சீட்டுக் குலுக்கினதுல நம்ம பொண்ணுங்களுக்கு விழுந்தது "உபத்திரவம்". ரெண்டு பேர்ல ஒருத்தியோட அப்பா என் தோட்டத்துக்கு வடக்கே ஒன்றரை ஏக்கர் வெச்சிருக்கிறவர். தள்ளுபடி வாங்கினவர். அப்பன் வாங்கினதைப் பொண்ணு தப்புன்னு மேடையேறிப் பேசணும். "பெரியப்பா, எங்களுக்குப் பாயிண்ட் வேணும்"னு வந்து நின்னாங்க.

பேச்சை ஜெர்மனியில ஆரம்பிச்சேன். 1846-47 குளிர்காலத்துல அங்க பெரிய பஞ்சம். வெயர்புஷ்ங்கிற சின்ன ஊர்ல ரைஃபைசன்னு ஒரு இளம் மேயர். ஊர்ல வசதியானவங்ககிட்ட காசு சேர்த்து, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைங்களுக்குக் கடனா கொடுத்தார். அறுவடைக்கு அப்புறம் திருப்பிக் கொடுத்தாப் போதும். அங்கிருந்து வளர்ந்துதான் 1864ல ஹெட்டஸ்டார்ஃப்ல கடன் சங்கம் வந்துச்சு. அந்தச் சங்கத்துக்கு அடமானம் ஊர்க்காரங்க ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்சிருக்கிறதுதான். எவன் குடிப்பான், எவன் உழைப்பான்னு ஊருக்குத் தெரியும். ஒருத்தன் கட்டலைன்னா எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. எங்கிட்ட வாங்கின கடனுக்கு உங்க சொத்தும் சேர்ந்து ஜாமீன்னா, நான் புதுசா புல்லட் வாங்கினா நீங்க சும்மா இருப்பீங்களா?

இதைத் தேடித்தான் சென்னை அரசாங்கம் ஃபிரெடரிக் நிக்கல்சன்ங்கிற ஐ.சி.எஸ். அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பிச்சு. நம்ம கோயம்புத்தூர் மாவட்ட மேனுவலை 1887ல எழுதினவர் இவர்தான். கிணறு, கவலை, மாடுன்னு நம்ம பக்கத்து விவசாயத்தை நல்லாப் பார்த்த மனுஷன். 1895லயும் 1897லயும் ரெண்டு தொகுதியா அறிக்கை கொடுத்தார். பேங்க் கட்டடம் கட்டுறது பெரிசில்ல, ரைஃபைசன் மாதிரி ஒரு ஆள் கிராமத்துக்குக் கிடைக்கணும்ங்கிறதுதான் அதோட சாரம். 1904ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு. அதே வருஷம் இப்போ திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிற திரூர்ல முதல் கிராமக் கடன் சங்கம் தொடங்கினாங்க. சொசைட்டியில சிட்டா அடங்கலோட வரிசையில நிக்கும்போது, இதெல்லாம் ஜெர்மன் ரொட்டியில இருந்து வந்ததுன்னு யாருக்குத் தோணும்!

பட்டணத்துலயும் அப்போ ஒரு கூத்து நடந்துச்சு. சென்னையில பாரி, பின்னி, ஆர்பத்நாட்னு மூணு பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிங்க. ஆர்பத்நாட்ல வக்கீல், குமாஸ்தா, பென்ஷன்காரர், விதவைகள்னு ஆயிரக்கணக்கானவங்க பணம் போட்டிருந்தாங்க. துரை கம்பெனியாச்சே, போகுமா? 1906 அக்டோபர் 22ஆம் தேதி போயே போச்சு. ஜார்ஜ் ஆர்பத்நாட் துரைக்குக் கடைசியில 18 மாசம் கடுங்காவல். பணம் போட்டவங்களுக்காக வழக்காடின வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், நம்ம பணத்தை நம்மளே வெச்சுக்க ஒரு பேங்க் வேணும்னு முன்னால நின்னார். 1907ல இந்தியன் பேங்க் பிறந்த கதை அதுதான். இந்த இடத்துல பின் வரிசையில இருந்து ஒருத்தர், "அப்பவே ஈமு கோழிக் கம்பெனி இருந்திருக்குதுங்கோ"ன்னார். எங்க பக்கம் ஈமுவுல காசு போட்டவங்க எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் யாரும் சிரிப்பை நிறுத்தலை. சிரிச்சவங்கள்ல பாதிப் பேர் போட்டவங்க.

அப்புறம் நான் முக்கியமா சொல்ல நினைச்ச இடத்துக்கு வந்தேன். 1929ல உலகம் பூரா மந்தம். நாலே வருஷத்துல நெல்லு விலை ஏறத்தாழ பாதியாப் போச்சு. பருத்தியும் அப்படித்தான். வாங்கின கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு. நூறு ரூபாய் வட்டி கட்ட முன்னே பத்து மூட்டை வித்தவன் இப்போ இருபது மூட்டை விக்கணும். பர்மாவுல நம்ம செட்டியார்கள் கடன் கொடுத்திருந்தாங்க இல்லையா, அங்க கீழ்ப்பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930ல சுமார் 6 சதவீத நிலம் அவங்க கையில இருந்துச்சு. 1938ல அது 25 சதவீதம். நிலம் வேணும்னு அவங்க கேக்கலை, அவங்களுக்குத் தேவை ரொக்கம்தான். கட்ட முடியாதவன் கையில நிலம்தானே இருக்கு! அந்த நிலமும் பின்னாடி யுத்தத்துலயும் சுதந்திர பர்மாவோட சட்டத்துலயும் போச்சு. கொடுத்தவனும் தோத்தான், வாங்கினவனும் தோத்தான்.

சென்னை மாகாணத்துல ராஜாஜி 1937ல பிரதம மந்திரி ஆனார். முதலமைச்சரை அப்போ அப்படித்தான் சொல்வாங்க. அடுத்த வருஷமே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938ன் 4வது சட்டம், வந்துச்சு. நகரத்து நண்பர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. 1932 அக்டோபர் 1க்கு முந்தின கடன்னா, 1937 அக்டோபர் 1 வரைக்கும் நின்ன வட்டி முழுக்க ரத்து, அசலைக் கட்டினாப் போதும். அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தா கடனே தீர்ந்துச்சு. பிந்தின கடன்னா 5 சதவீதத் தனிவட்டி. இனிமே ஓடுற வட்டி 6¼ சதவீதத்துக்கு மேல கூடாது. கொடுத்தவன் பேர்ல ஒரு பைசா கவர்மெண்ட் தரலை. இப்போ நடக்கிற தள்ளுபடியில அரசாங்கம் சொசைட்டிக்குப் பணம் கட்டும். 2021 பிப்ரவரியில அறிவிச்சாங்களே, 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி, அது வரிப்பணம். 1938ல வரிப்பணம் இல்லை, கொடுத்தவனோட பணம்.

இங்கதான் நான் எங்க வீட்டுக் கதையைச் சொன்னேன். நான் சின்ன வயசுல இருந்து கேட்ட கதை. எங்க அப்பாரு 1929 ஆடியில கிணறு வெட்ட 300 ரூபாய் கடன் வாங்கினார். பாறை வந்துடுச்சு, அப்புறம் விலையும் விழுந்துச்சு. நிலம் போயிருக்கும், சட்டம் வந்து காப்பாத்துச்சு. அப்பாரு யோக்கியர், அசலைப் பைசா பாக்கியில்லாமக் கட்டினார், நோட்டைத் திரும்ப வாங்கிட்டு வந்துட்டார். இதை நான் எத்தனையோ மேடையில, போராட்டப் பந்தல்ல சொல்லியிருக்கேன். சாட்சிக்கு அந்தப் புரோநோட்டையும் டிரங்குப் பெட்டியில இருந்து எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். கை தட்டினாங்க.

எங்க வடக்குத் தோட்டத்துப் பொண்ணு எழுந்திரிச்சா. "பெரியப்பா, கடன் கொடுத்தது யாருங்க?"

எனக்குப் பதில் தெரியலை. "யாரோ வட்டிக்கடைக்காரர்"னு சமாளிச்சேன். அவ விடலை. "நோட்டுக்குப் பின்னாடி வரவு எழுதியிருக்குமாமே, பார்க்கலாங்களா?" அவங்க டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கார் போல.

வெளியூர்க்காரங்களுக்கு: புரோநோட்டுக்கு மூணு வருஷம்தான் ஆயுசு. அதுக்குள்ள ஏதாவது ஒரு தொகை கட்டி, பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டா மறுபடி மூணு வருஷம் உயிர் வரும். அதனால பின்பக்கம்தான் நோட்டோட ஜாதகம். நான் நோட்டை எத்தனையோ தடவை எடுத்துக் காட்டியிருக்கேன், பின்பக்கத்தை ஒழுங்காப் படிச்சதில்லை. அந்தப் பொண்ணு படிச்சா. 1930 ஆடி 36 ரூபாய். 1931 ஆடி 36. 1932 ஆடி 20. 1935 ஆனியில 5 ரூபாய், 1937 ஆவணியில 5 ரூபாய். இந்த ரெண்டும் நோட்டுச் சாகாம இருக்கக் கட்டினது. 1939 தையில 150. 1940 மாசியில 100. அதுக்குக் கீழே "கணக்கு நேர்"னு ஒரு வரி, ஒரு பெருவிரல் ரேகை. முன்பக்கம் கொடுத்தவர் பேர் ஒரு பொம்பளைப் பேர்.

அசல் 300. சட்டத்துக்கு அப்புறம் கட்டினது 250.

கூட்டத்துல யாரும் எதுவும் சொல்லலை. சொம்புல காசு விழற சத்தம்தான் கேட்டுச்சு. மொத்தம் 3,840 ரூபாய் சேர்ந்துச்சு, அதுல ஒரு ஐநூறு நான் போட்டது. என்ன காரணத்துக்குப் போட்டேன்னு இப்போ சொல்ல முடியலை.

மறுநாள் காலையில என் பெரிய அத்தைகிட்டப் போனேன். எண்பத்தெட்டு வயசு, காது மந்தம், ஞாபகம் கல்லு மாதிரி. நோட்டுல இருந்த பேரைச் சொன்னதும், "அந்த எண்ணெய்க்கடை அம்மாவா?"ன்னாங்க. புருஷன் செத்த பிறகு செக்கை வித்து, வந்த காசை நாலு பேருக்கு வட்டிக்கு விட்டு ஜீவனம் பண்ணின அம்மா. அத்தைக்குத் தெரியும்போதே அந்த அம்மா கெழவி. தை மாசம் வருவாங்க. ஆத்தா ஒரு வள்ளம் துவரை அளந்து முந்தானையில கட்டி விடுவாங்க. "வருசா வருசம் குடுப்பா. ஏன்னு நாங் கேட்டதில்ல சாமி. பாவம்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்தச் சட்டத்துல ஒரு விலக்கு இருந்துச்சு. கடன் கொடுத்தது ஒரு பெண்ணா இருந்து, அவங்களுக்கு வேற சொத்தே இல்லாம, அசல் 3,000 ரூபாய்க்கு மிகாம இருந்தா, அந்தக் கடனுக்குச் சட்டம் பொருந்தாது. எழுதினவங்க இந்த மாதிரி விதவைகளை நினைச்சுப் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க. ஆனா எண்ணெய்க்கடை அம்மாவுக்கு ஒரு ஓட்டு வீடு சொந்தமா இருந்துச்சுன்னு அத்தை சொன்னாங்க. வேற சொத்து இருக்கு, விலக்கு இல்லை. அந்த ஓட்டு வீட்டால 190 ரூபாய்க்கு மேல வட்டி போச்சு. அந்த நாள்ல ரெண்டு நல்ல மாடு வாங்குற காசு.

இதோட இன்னொண்ணு. அந்தச் சட்டத்துல "விவசாயி"ன்னா நிலத்துல பாத்தியதை உள்ளவன். எங்க கிணத்துல பாறை உடைச்சவங்களுக்கும் கடன் இருந்திருக்கும். நிலமில்லாத அவங்களுக்கு 1938ல எதுவும் தள்ளுபடி ஆகலை. இப்பவும் பயிர்க்கடன் பயிர் வைக்கிறவனுக்குத்தான். இதை நான் பேச்சுல சொல்லவே இல்லை. பாயிண்ட்டைக் கண்டுபிடிச்சது அந்தப் பொண்ணுங்க. சட்டத்தோட விளக்கப் பகுதியை டீச்சர் போன்ல எடுத்துக் கொடுக்க, அவங்களே படிச்சுட்டு வந்து என்கிட்டச் சரியான்னு கேட்டாங்க.

எனக்குக் கோபம்கூட வந்துச்சு, மறைக்கலை. தள்ளுபடி தப்புன்னு என்னால சொல்ல முடியாது. 2021ல எனக்கும் ஆச்சு. அதுக்கு முந்தின ரெண்டு வருஷம் மஞ்சள் வித்த விலையை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? அப்பாரு அந்த 190 ரூபாயையும் கட்டியிருந்தா வடக்கால மேட்டு நிலம் போயிருக்கும், இன்னைக்கு நான் இந்தப் பக்கத்தை எழுதிட்டு இருக்கமாட்டேன். இதை அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். "தெரியுங்க பெரியப்பா, எங்கப்பாவும் அதைத்தான் சொல்றாரு. ஆனா எனக்குச் சீட்டு இப்படி விழுந்துருச்சே"ன்னா. எண்ணெய்க்கடை அம்மா கதையைப் போட்டியில சொல்லட்டுமான்னு கேட்டா. பேர் வேண்டாம், சொல்லிக்கோன்னேன். அப்பாரு பேரும் வேண்டாம்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லலை.

போட்டியில ரெண்டாவது பரிசு. முதல் பரிசு தள்ளுபடியை ஆதரிச்சுப் பேசின பசங்களுக்கு. மனசுக்குள்ள எனக்கு ரெண்டு பக்கமும் சந்தோஷம். சொம்புல மிச்சம் 410 ரூபாய், அடுத்த போட்டிக்குன்னு நூலகர்கிட்ட இருக்கு.

நோட்டோட ஜெராக்ஸை நேத்துத் திருப்பிக் கொடுத்துட்டுப் போனா. ஓரத்துல பென்சிலால கணக்குப் போட்டிருக்கா. அசல் பாக்கி 50. 1937 அக்டோபர்ல இருந்து 6¼ சதவீதம், கட்டக் கட்டக் கழிச்சு, வட்டி 34. ஆக 84 ரூபாய். அதுக்குக் கீழே "கழிக்க: துவரை, வருஷத்துக்கு ஒரு வள்ளம்"னு எழுதி, எத்தனை வருஷம்ங்கிற இடத்தைக் காலியா விட்டிருக்கா. அத்தையைக் கேட்டுச் சொல்லணுமாம்.