கூட்டுப்புழுவின் ஏழாம் நாள்: வெப்பநிலை, ஆக்சிஜனேற்ற அழுத்தம், கல்வராயன் சரிவு

கூட்டுப்புழுக்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, ஒரே நாளில் எடுத்து அரைத்து, நொதி அளவுகளை ஒப்பிடும் முறை பூச்சியியலில் பழகிப்போன ஒன்று. சூட்டில் வளர்ந்தவற்றில் கேட்டலேஸ், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் ஆகியவை கூடியிருந்தால், அதை ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் சான்றாகக் கொள்கிறார்கள். தரவு தாங்காத முடிவு இது என்பதே என் வாதம்.

2018இல் இந்தியாவுக்குள் வந்த மக்காச்சோளப் படைப்புழுவையே எடுத்துக்கொள்வோம். இதன் கூட்டுப்புழுப் பருவம் முடியச் சுமார் 13 பாகை செல்சியசுக்கு மேல் ஏறத்தாழ 150 பாகை நாள் (அந்த வரம்புக்கு மேலுள்ள பாகைகளை நாள்தோறும் கூட்டிய தொகை) வெப்பம் சேர வேண்டும். நிலையான 30 பாகையில் ஒன்பது நாளுக்குள் அந்துப்பூச்சி வெளிவந்துவிடும். 24 பாகையில் பதின்மூன்று, பதினான்கு நாளாகும். ஏழாம் நாளில் இரண்டையும் எடுத்தால், 24 பாகையில் இருந்தது 77 பாகை நாள் கடந்து பாதி வழியில் நிற்கும். 30 பாகையில் இருந்ததோ 119 பாகை நாள் கடந்து ஐந்தில் நான்கு பங்கை முடிக்கும் தறுவாயில் இருக்கும். நாள் ஒன்றுதான், வளர்ச்சிக் கட்டம் வேறு.

இந்த வேறுபாடு அற்பமானதன்று. கூட்டுப்புழுவின் சுவாசம் தொடக்கத்தில் உயர்ந்து, நடுவில் அடங்கி, இறுதியில் மீண்டும் ஏறும். நடுக்கட்டத்தில் புழுவின் திசுக்கள் கரைந்துகொண்டிருக்கும். இறுதிக் கட்டத்தில் பறக்கும் தசையும் அதற்குரிய மைட்டோகாண்ட்ரியாக்களும் உருவாகும். அந்தத் தசைக்குக் காவலாகவே நொதிகள் பெருகும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆகவே 30 பாகையில் கண்ட உயர்வில் எவ்வளவு வெப்பத்தினால் வந்தது, எவ்வளவு முதிர்ச்சியினால் வந்தது என்பதை ஏழாம் நாள் மாதிரி பிரித்துக் காட்டாது. முதிர்ச்சியின் பங்கே பெரிது என நான் கருதுகிறேன். கட்டத்தை ஒத்துவைத்து அளக்காதவரை அதை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

கொழுப்புச் சிதைவைக் காட்டும் மாலோண்டைஆல்டிஹைடும் கூடுகிறதே என்பார்கள். அதை அளக்கப் பயன்படும் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனை பிற ஆல்டிஹைடுகளுக்கும் சில சர்க்கரைகளுக்கும் நிறம் காட்டும். கொழுப்பை எரித்தே வாழும் ஓர் உடலில் அந்த எண் மட்டும் காயத்தை நிறுவாது. சில மணி நேர வெப்ப அதிர்ச்சி தரும் ஆய்வுகளுக்கு இந்த மறுப்பு பொருந்தாது என்பதும் சரியே. ஆனால் வயலில் நாள்கணக்கில் நீடிக்கும் சூட்டைப் பற்றி அவ்வாய்வுகள் பேசுவதில்லை.

தீர்வு கண்ணெதிரே இருக்கிறது. புதிதாகக் கூடடைந்த புழு பசுமை கலந்த வெளிர் நிறத்தில் இருக்கும், பின் செம்பழுப்பாகும், அந்து வெளிவருமுன் கருத்துவிடும். நிறத்தையும் பாகை நாளையும் கொண்டு மாதிரி எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கள்ளக்குறிச்சிக்கு இது ஏட்டளவில் நிற்கும் சர்ச்சை அன்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, சின்னசேலம் சமவெளிக்கும் கல்வராயன் மலையின் உயர்ந்த பகுதிகளுக்கும் இடையே மேற்சொன்ன 24, 30 பாகை இடைவெளியை ஒத்த வேறுபாடு அமையக்கூடும். நிழலும் ஈரமும் மண்வெப்பத்தை மாற்றும். எனவே வயல் மண்ணிலேயே, கூட்டுப்புழு கிடக்கும் சில சென்டிமீட்டர் ஆழத்தில், வெப்பமானி வைத்து அளக்க வேண்டும். அதைச் செய்யாமல், சூடு கூடினால் புழு தானே நலியும் என்று நொதி அட்டவணையைக் காட்டிச் சொல்வது உழவரைத் தவறான நம்பிக்கையில் விடும். 30 பாகை இந்தப் பூச்சிக்கு நலிவு தரும் சூடன்று. தலைமுறையை விரைவுபடுத்தும் சூடு. கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் வெளிக்கொணரும் உழவுக்கு, 30 பாகையை ஒட்டிய சமவெளி மண்ணில் கிடைக்கும் அவகாசம் ஒன்பது நாளுக்குள் முடிந்துவிடும். அறுவடை முடிந்ததும் உழுதுவிட வேண்டும் என்ற அறிவுரைக்கு அந்தக் கணக்கே போதிய ஆதாரம்.