நகரக் காற்று மாசு: அளவீடும் மூலங்காணலும்

நகரக் காற்று மாசு ஆய்வு என்பது, ஒரு நகரத்தின் காற்றில் கலந்துள்ள துகள்களையும் வளிமங்களையும் அளப்பதோடு, அவை எந்தெந்த மூலங்களிலிருந்து எவ்வளவு வந்தன என்பதையும் கணித்துச் சொல்லும் துறையாகும். இவற்றுள் அளவீடே முந்தியது; மூலங்காணல் நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது.

தொடக்கத்தில் கண்ணே கருவி. 1888இல் மாக்சிமிலியன் ரிங்கெல்மான் வகுத்த அட்டையில், வெண்பரப்பின் மேல் கறுப்புக் கட்டக்கோடுகள் படிப்படியாகத் தடித்துச் செல்லும். புகைபோக்கியில் எழும் புகையின் கருமையை அவற்றோடு ஒப்பிட்டு ஆய்வாளர் எண் கொடுப்பார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் நகரங்களில், திறந்த புனலில் விழும் கரியையும் சாம்பலையும் மழைநீரோடு புட்டியில் திரட்டி மாதந்தோறும் எடைபோடும் படிவுமானியும், குறித்த அளவு காற்றை வெள்ளை வடிதாள் வழியே இழுத்து அதில் படியும் கறையின் அழுத்தத்தைக் காணும் முறையும் பரவின. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைக் கவிந்த புகைப்பனியால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிடப்பட்டது. பிந்தைய மறுஆய்வொன்று அதை 12,000 வரை உயர்த்தியது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் தொழிற்சாலைப் புகையோடு வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகையையும் கட்டுப்படுத்த முனைந்தது.

கருமையை அளக்கும் கருவியில் நிறமற்ற மாசு அகப்படாது. லாஸ் ஏஞ்சல்ஸில் கண்களை எரியவைத்த மங்கலுக்கு, வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வெயிலில் வினைபுரிந்து உண்டாக்கும் ஓசோன் முதலியவையே காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் நிறுவினார். ஓசோன் பட்ட ரப்பர் வெடிக்கும் என்பதால், வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டே அப்போது அளவுகருவியாகவும் பயன்பட்டது. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வெளிவராமல் காற்றிலேயே பிறக்கும் இம்மாசு, மூலங்காணலை எளிய கணக்காக இருக்கவிடவில்லை.

அக்கணக்கு இரு திசைகளில் வளர்ந்தது. உமிழ்வின் அளவையும் காற்றின் போக்கையும் கொண்டு மாசு எங்கே எவ்வளவு சேரும் எனக் கணிப்பது விரவல் மாதிரி. காற்றின் கொந்தளிப்பை வெயில், மேகம், காற்றுவேகம் ஆகியவற்றால் ஆறு வகுப்புகளாக்கி 1961இல் பிராங்க் பாஸ்குவில் வெளியிட்ட முறை இதைக் களப்பணிக்கு ஏற்றதாக்கியது. மாறாக, வடிதாளில் சிக்கிய துகளின் வேதிக்கூறுகளிலிருந்து பின்னோக்கிச் சென்று மூலத்தைத் தேடுவது ஏற்பி மாதிரி. சிலிக்கனும் அலுமினியமும் மண்ணையும், வனேடியம் கசடு எண்ணெயையும், லெவோகுளுக்கோசான் என்னும் சேர்மம் விறகும் வைக்கோலும் எரிந்ததையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் டீசல் வண்டியும் டீசல் ஜெனரேட்டரும் விடும் புகையின் சாயல் ஒன்றே ஆதலால், இம்முறை அங்கே தடுமாறும்.

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தில்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, கான்பூர், புனே ஆகிய ஆறு நகரங்களில் மேற்கொண்ட ஆய்வு இரு வழிகளையும் கையாண்டது. சென்னைப் பகுதியைச் சென்னை ஐஐடி நடத்தியது. 2009இல் வகுத்த தேசியத் தரத்தின்படி, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த வரம்போ 5 மட்டுமே. தெருப்புழுதி பெருந்துகளின் எடையில் மிகுதியாகத் தெரியும். நுண்துகளில் எரிபுகையின் பங்கு கூடும். ஆகவே ஒரு மூலத்துக்கு இத்தனை விழுக்காடு என வெளியாகும் எண்ணை, அது எந்த அளவுத் துகளுக்கு, எந்தப் பருவத்தில், எந்த மாதிரியால் பெறப்பட்டது என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.