சொந்தக் களம் இல்லாத ஆரவாரம்: கல்லூரிக் கூடைப்பந்தும் தங்கவயலும்

கல்லூரிக் கூடைப்பந்தில் மாணவர் கூட்டம் திரள இரண்டு வேண்டும்: தம் கல்லூரிக் களத்திலேயே அடிக்கடி நடக்கும் ஆட்டம், அதை இருந்து பார்க்க மாலை நேரம். இவ்விரண்டும் வாய்த்த இடத்தில் ஆரவாரம் மரபாக வேரூன்றியது. வாய்க்காத இடங்களில் ஒன்று, கர்நாடகத்தின் சுரங்க ஊரான கோலார் தங்கவயல்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டை உருவாக்கினார். 1898இல் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே மாணவர் முழக்கம் ஏற்கெனவே இருந்தது. 'ராக் சாக்' என்ற அந்த முழக்கத்தை 1886இல் வேதியியல் பேராசிரியர் பெய்லி அமைத்திருந்தார். கூடைப்பந்து பிறக்கும் முன்பே பிறந்த முழக்கம் அது. 1955இல் அங்கே ஏறக்குறைய 16,300 பேர் அமரும் ஆலன் அரங்கு எழுந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கு 1940இலேயே வந்துவிட்டது. எதிரணி ஊர் தேடி வந்து ஆடுவதும், பிறகு இவர்கள் அங்கே போய் ஆடுவதுமான முறையே இந்த அரங்குகளை நிரப்பியது.

கூட்டம் ஆட்டத்தை மாற்றுகிறதா? ஷ்வார்ட்ஸ், பார்ஸ்கி இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு, சொந்தக் களத்தின் பலன் கூரைக்கடியில் நடக்கும் ஆட்டங்களில் கூடுதல் எனக் கண்டு, பார்வையாளர் ஆதரவையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. 2002இல் நெவில் குழுவினர் ஒரே கால்பந்து ஆட்டத்தின் ஒளிப்பதிவை 40 நடுவர்களுக்குக் காட்டினர். கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிமீது 15.5 விழுக்காடு குறைவாகவே தவறு கூறினர். ஆரவாரம் வீரரை மட்டுமல்ல, விசில் வைத்திருப்பவரையும் தொடுகிறது.

நம் பக்கம் விளையாட்டைப் பரப்பியதில் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் முக்கியமானவர். 1920இல் சென்னையில் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள் பி.டி. மாஸ்டர்களாகப் பள்ளி, கல்லூரிகளுக்குப் போனார்கள். விதிகள் வந்தன, பயிற்சி வந்தது, ஊர் மாறி ஊர் ஆடும் அட்டவணை மட்டும் வரவில்லை. 1925இல் அமைந்த பல்கலைக்கழகங்களிடைக் குழுமம், இன்றைய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம், நடத்தும் போட்டிகள் மண்டல வாரியாக ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் சில நாட்களில் முடிந்துவிடுகின்றன. அங்கே கைதட்ட ஆளிருப்பது நடத்துபவருக்கு மட்டுந்தான். மற்ற அணிகள் மாற்று வீரர்களின் குரலை நம்பியே ஆட வேண்டியிருக்கிறது. எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் ஆடுவதை அவர்களின் வகுப்புத் தோழர்கள்கூடப் பார்த்ததில்லை என்பதை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

நம்மவர்க்கு ஆட்டத்தில் ஆர்வமில்லை என்று இதற்குப் பொருளில்லை. தேனி மாவட்டம் பெரியகுளத்தில் மே மாதம் மின்னொளியில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ராணுவம் போன்ற நிறுவன அணிகள் ஆடுகின்றன. ஊரே வந்து உட்காருகிறது. ஆண்டுதோறும் அதே இடம், அதே பருவம், வெயில் தாழ்ந்த பொழுது. கல்லூரி செய்யாததை அந்தச் சிற்றூர் செய்தது.

பெரியகுளத்துக்கு வாய்த்த அந்த மாலைப் பொழுது தங்கவயலுக்கு வாய்க்கவில்லை. இங்கே மின்சாரம் வந்தது 1902இல், சிவசமுத்திரத்திலிருந்து. இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் முந்தி. ஆனால் அது சுரங்கத்துக்காக வந்த மின்சாரம். ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கிளப்பும் கோல்ஃப் திடலும் இருந்தன. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு லைன் வீடுகளும், பொழுதைப் பங்கிட்ட ஷிப்டும். சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், மைசூர், ஊரிகம் என்று சுரங்கமே இங்கு ஊரின் முகவரியாக இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலின் மாரிகுப்பம் நிலையத்து ரயில் இங்கே நாளின் கடிகாரமாயிற்று. வேலைக்கும் படிப்புக்கும் ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளியுள்ள பெங்களூருக்கு இளைஞர்கள் விடியலில் ஏறி இரவில் இறங்குகிறார்கள். பெங்களூர்க் கல்லூரியில் மாலை ஆறு மணிக்கு ஆட்டம் வைத்தால், தங்கவயல் மாணவர் அதைப் பார்ப்பதா, ரயிலைப் பிடிப்பதா?

இதற்குப் பெரிய அரங்கு தேவையில்லை என்பது என் கருத்து. தங்கவயல், பங்காருப்பேட்டை, கோலார் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளவை. வகுப்பு முடிந்ததும், பகல் மூன்று மணிக்கு, ஒரு வாரம் இங்கே, மறுவாரம் அங்கே என அவை மாறிமாறி ஆடலாம். ஒரு பருவம் அப்படி நடத்திப் பார்க்க மாவட்டக் கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் கூடிப் பேசினாலே போதும்.