ஐயாற்றிறைவர் ஏழூர்த் திருவிழா

தமிழகத்துச் சிவத்தலங்களில் ஆண்டுதோறும் நிகழும் பெருவிழாக்கள் பல. அவற்றுட் பெரும்பாலன இறைவன் தன் திருக்கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் உலாப்போந்து மீளும் அளவில் அமைவன. அயலூர்களுக்கும் எழுந்தருளி, ஆண்டாண்டு விருந்தேற்று மீளும் விழாக்கள் சிலவேயாம். அச்சிலவற்றுள்ளும், மகனுக்கு மணம் முடித்த தந்தை தன் இல்லக்கிழத்தியோடு மணமக்களையும் உடனழைத்துக்கொண்டு, அம்மணத்திற்குத் துணைநின்றோர் ஊர்தோறும் சென்று வருகின்ற முறையில் அமைந்த சிறப்பு, சித்திரைத் திங்களில் நிகழும் திருவையாற்று ஏழூர்த் திருவிழாவிற்கு உரியதாகும். வடமொழிவாணர் இதனைச் சப்தஸ்தானம் என்பர்.

இனி, “சுற்றத்தொடர்பு பாசமாகலின், மனைவி மக்களொடும் உறவினரொடும் கூடித் திருவிழாக் காணச் செல்லுதல் உலகியற் களிப்பேயன்றி வழிபாடாகாது, வழிபாடு தனித்தார்க்கே கைகூடும்” என்று கூறுவாரும் உளர். துறவுநெறி நின்ற பெரியோர் சிலர் மனைமக்களை இகழ்ந்து பாடிய பாடல்களை அவர் தமக்குத் துணையாகக் கொள்வர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பது இவ்விழாவின் வரலாற்றை ஆராயுமிடத்துத் தானே புலனாகும்.

தலபுராணம் கூறும் வரலாறு இது: மகப்பேறின்றி வருந்திய சிலாத முனிவர் ஐயாற்றில் தவங்கிடந்தார். வேள்விக்கென நிலத்தை உழுதபோது கிடைத்த பெட்டியுள் ஒரு குழந்தையைக் கண்டெடுத்தார். அக்குழந்தைக்கு வாழ்நாள் பதினாறே ஆண்டு என்பதறிந்து தாயுந் தந்தையும் கலங்க, அவர்தம் துயரங் கண்ட மைந்தர் தாமே ஐயாற்றுத் திருக்குளத்து நீருள் நின்று உருத்திர மந்திரத்தை ஓதித் தவம் புரிந்தார். நீர்வாழுயிர்கள் தம் உடலை அரித்துத் தின்னவும் நிலைபெயரா நின்ற அவரை இறைவன் ஆட்கொண்டு, தன் கணங்கட்குத் தலைவராக்கினான். அவரே நந்திபெருமான். இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இத்தவத்திற்கு முதலாய் நின்றது பெற்றோரின் கண்ணீர். மைந்தர் உறவை உதறிச் சென்று தவம் புரிந்தாரல்லர். உறவின் துயர் துடைத்தற்பொருட்டே தவம் புரிந்தார். இறைவனும் அதனை இழிவெனத் தள்ளாது ஏற்றருளினான்.

பின்னர் ஐயாறப்பரே தந்தை நிலையில் நின்று, வியாக்கிரபாத முனிவரின் புதல்வியும் உபமன்யு முனிவரின் தங்கையுமாகிய சுயசாம்பிகையை நந்திபெருமானுக்கு மணம் பேசினார். திருமணம் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் நிகழ்ந்தது. பங்குனித் திங்கள் புனர்பூச நாளில் அம்மணவிழா அங்கே நடைபெறுகின்றது. நந்தி கலியாணம் கண்டவர்க்கு முந்திக் கலியாணம் ஆகும் என்பது சோழநாட்டு மக்களின் வழக்கு. மணமாகாத மகளையோ மகனையோ உடன்கொண்டு பெற்றோர் மழபாடிக்கு வருவது இந்நம்பிக்கை பற்றியே.

மணம் என்றால் ஒருவர் கையால் ஆவதொன்றன்று. ஊர் கூடிச் செய்வது. ஐயாறப்பர் இல்லத்து மணத்திற்கும் அயலூரார் அறுவர் உதவினர் என்பர். திருப்பழனம் பழங்களை அனுப்பிற்று. திருச்சோற்றுத்துறை விருந்தினர்க்கு உணவளித்தது. திருவேதிகுடியினின்றும் வேதியர் வந்தனர். திருக்கண்டியூர் அணிகலன் தந்தது. திருப்பூந்துருத்தி மலர் தொடுத்தது. வேள்வித்தீக்கு நெய் திருநெய்த்தானத்தினின்றும் வந்தது. இவை ஊர்ப்பெயர்களைக் கொண்டு பிற்காலத்தார் வகுத்த பொருத்தங்கள் என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுதல் கூடும். துருத்தி என்பது ஆற்றிடைக்குறை என்பதும், சோறு என்பது வீடுபேற்றையும் உணர்த்தும் என்பதும் அறியாதாரல்லர் நம் முன்னோர். ஆயினும், பெயரளவில் அடுத்திருந்த ஆறு ஊர்களை ஒரு கலியாண வீட்டின் கொள்வினை கொடுப்பினையால் ஓருறவாகப் பிணித்த அவர்தம் உள்ளத்தின் அருமை சொல்லாராய்ச்சிக்குள் அடங்குவதன்று.

மணம் முடிந்தபின் மணமக்களை உறவினர் தத்தம் இல்லத்திற்கு அழைத்து விருந்திடுதல் தமிழ்மக்களின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தையே ஏழூர் வலம் தழுவிச் செல்கின்றது. சித்திரை விசாகத்தை ஒட்டி ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்திபெருமானும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் புறப்படுவர். பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம் என்னும் முறையில் வலம் நிகழும். ஒவ்வோரூர் எல்லையிலும் அவ்வூர் இறைவர் தாமும் பல்லக்கில் எழுந்தருளி எதிர்கொள்வர். எதிர்கொண்டபின் தம் கோயிலிலே தங்கிவிடாது உடன்புறப்படுவர். இவ்வாறு ஊர்தோறும் பல்லக்குகள் பெருகி, முடிவில் ஏழூர் இறைவரும் ஐயாற்றில் ஒருங்கே காட்சியளிப்பர். சென்ற விருந்தினர் தம்மை உபசரித்தவரையும் கையோடு அழைத்துவந்து தம் வீட்டில் விருந்தளிப்பது போல்வது இது.

சித்திரைக் காவிரியில் நீர்ப்பெருக்கு இராது, மணற்பரப்பே மிகுதி. வெயிலிற் கொதிக்கும் அம்மணலைக் கடந்து பல்லக்குகளும் அவற்றின் பின்னே மக்களும் செல்வர். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். பானகமும் நீர்மோரும் வழங்குவார் கூட்டம். விசிறி கொண்டு வீசுவார் ஒருபால். குழந்தையைத் தோளிற் சுமந்த தந்தையரையும், பாட்டியின் கைபிடித்து நடக்கும் சிறாரையும், கட்டுச்சோற்று மூட்டையோடு செல்லும் மகளிரையும் அவ்வழியிற் காணலாம். அயலூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் இவ்விழாவைச் சார்ந்து பிறந்தகம் வருவர். மாமனும் அத்தையும், பங்காளியும் சம்பந்தியும் ஒரு திண்ணையிற் கூடியிருந்து பல்லக்கின் வரவை எதிர்பார்ப்பர். முற்காலத்துத் தொலைவிலுள்ளார் இரட்டை மாட்டு வண்டிகளில் நாட்கணக்கில் வழிநடந்தே இவ்விழாவிற்கு வரல் வேண்டும். 1861ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தினின்று தஞ்சைக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியபின் அத்தொலைவு சுருங்கிற்று. தஞ்சையினின்றும் ஐயாற்றுக்கு வருவார் வழியில் ஐந்து ஆறுகளைக் கடப்பர்.

இவ்வேழூரையும் அப்பரடிகள் பாடியருளியுள்ளார். அவ்வேழூர்ப் பதிகங்களைக் கொண்டு அக்காலத்தே இவ்விழா நிகழ்ந்ததென நாட்டுதல் சாலாது. ஏழும் அடுத்தடுத்துத் தொழப்பெற்ற தலங்கள் என்பது மட்டும் அவற்றாற் பெறப்படும். எனினும் இப்பாதையின் இருமருங்கும் அப்பரடிகள் வரலாறு நிறைந்துள்ளது. பழனத்தை அடுத்த திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், அரசுகளைக் கண்ணாற் காணுமுன்னரே தம் மக்கட்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர்தம் திருப்பெயரையே இட்டு வழங்கினார். அரசுகள் விருந்தாக வந்த நாளில், குருத்து அரியச் சென்ற மூத்த மைந்தர் அரவு தீண்டி உயிர் நீத்தார். அப்பெற்றோர் விருந்து தடைப்படுமே என்று அஞ்சி அவ்வுடலை மறைத்துவைத்தனர். மகனை உயிர்ப்பித்த அரசுகள் பின்பு செய்தது யாது? அப்பூதியாரையும் மைந்தரையும் தம்முடன் இருந்து உண்ணுமாறு பணித்தார். தாம் மட்டும் தனித்துண்டு செல்ல அவர் உள்ளம் இசையவில்லை. இவ்விருந்தினைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தமை எண்ணத்தக்கது.

பூந்துருத்தியிலோ பல்லக்கைப் பற்றியதொரு நிகழ்ச்சி. ஆங்கே திருமடம் அமைத்து வாழ்ந்த அப்பரடிகள், ஞானசம்பந்தர் வருகின்றார் எனக் கேட்டு எதிர்சென்று, அடியார் கூட்டத்துள் ஒருவராய்ப் புகுந்து அவர்தம் முத்துச் சிவிகையைத் தோளிற் றாங்கினார். அப்பர் எங்குற்றார் எனப் பிள்ளையார் வினவத் தாம் சிவிகை தாங்கும் பேறுபெற்று ஈண்டுள்ளதாக அடியினின்று விடை வந்தது. பிள்ளையார் விரைந்திறங்கி வணங்கினார். இன்று அவ்வூர் வழியே ஐயாறப்பர் பல்லக்கு செல்லும்போது, அதன் தண்டினைத் தோளில் ஏற்பவர் இவ்வரலாற்றை அறிந்தவராயினும் அறியாதவராயினும் அப்பரடிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர்.

இனி, முன்னர்க் காட்டிய தடையை நோக்குவாம். சுற்றம் பாசமென்பது உண்மையாயின், சுந்தரமூர்த்தி நாயனார் செயல் எங்ஙனம் அமைந்தது? ஆரூரிற் பங்குனி உத்திரத் திருநாள் அணுகியபோது பரவையார் வழங்கவேண்டிய கொடைக்குப் பொன் இல்லை. அது பெறும்பொருட்டே நாயனார் திருப்புகலூர் சென்றார். தலையணையாக வைத்துத் துயின்ற செங்கற்கள் பொன்னாயின. குண்டையூர் நெல்மலையைப் பரவையார் இல்லத்திற்குச் சேர்ப்பிக்க ஆள் வேண்டுமென்று திருக்கோளிலியில் இறைவனிடமே விண்ணப்பித்தார். பூதங்கள் அதனைச் சுமந்தன. திருவிழாச் செலவும் குடும்பச் செலவும் அவ்விடத்தே வேறாய்ப் பிரிந்து நிற்கவில்லை.

மயிலாப்பூரில் நிகழ்ந்ததோ இதனினும் உருக்கமானது. சிவநேசர் தம் மகள் பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் அடங்கிய குடத்தை ஞானசம்பந்தர் திருமுன் வைத்தார். இறந்த பெண்ணை அழைக்கின்ற பிள்ளையார் அவளுக்கு வீட்டின்பத்தை எடுத்துரைத்தாரில்லை. உயிரின் இலக்கணத்தை ஆராய்ந்தாரில்லை. அடியார்க்கு அமுதூட்டும் விழா, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொற்றாப்பு, பெருஞ்சாந்தி என அவ்வூர் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி, இவற்றைக் காணாமலேயோ நீ செல்வது என்று வினவுகின்றார். ஊராரும் பெற்றோரும் கூடிக் களிக்கும் விழாவினின்றும் ஒருத்தி நீங்கிவிட்டாளே என்னும் இழப்பே அப்பதிகத்தின் உயிர்நிலை. விளக்கேற்றும் நாளில் வீட்டில் ஒருவர் இல்லாமையை அறிந்த எவர்க்கும் அவ்வினாவின் பொருள் விளங்கும். இவ்விழாக்கள் வெறுங் களிப்பாயின், உயிரை மீட்டழைத்தற்கு அவற்றைத் துணையாகக் கொண்டிரார் பிள்ளையார்.

அற்றேல் துறவியர் கூற்று பொய்யோ எனின், அன்று. சுற்றத்தைத் தன்னது எனப் பற்றுதல் பாசம். சுற்றத்தோடு கூடி இறைவனை நோக்குதல் அப்பாசம் நீங்கும் வழி. மெய்கண்ட தேவரும் சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரத்தில், மலம் கழுவிய ஞானிக்குங்கூட அன்பரோடு கூடியிருத்தலையும் திருவேடமும் திருக்கோயிலும் தொழுதலையுமே விதித்தார், தனித்திருத்தலை விதித்தாரில்லை. அன்பர் என்னும் சொல் உறவினரை விலக்குமோ எனில், விலக்காது. நாவுக்கரசர்க்குத் திருநீறு அளித்துச் சிவநெறியில் மீண்டும் நிறுத்தியவர் அவர்தம் தமக்கையார் திலகவதியாரேயன்றோ? திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு பிள்ளையாரைப் பின்பற்றி ஊர்தோறும் நடந்தார்.

இதற்கு முடிந்த சான்று திருநல்லூர்ப் பெருமணம். வைகாசி மூலநாளில் ஞானசம்பந்தர் திருமணம் காணத் தந்தையார் சிவபாதவிருதயரும், மகட்கொடை நேர்ந்த நம்பாண்டார் நம்பிகளும், நீலநக்கரும் முருகனாரும் யாழ்ப்பாணரும் தத்தம் மனைவியரொடும் வந்திருந்தனர். அங்கெழுந்த சோதியுட் புகுந்தவர் பிள்ளையாரும் மணமகளும் மட்டுமல்லர். மணவிழாவிற்கு வந்தோர், அவர்தம் சுற்றத்தார், சிவிகை சுமந்தோர், ஏவல் செய்தோர் யாவரும் புகுந்தனர். ஏனையோர் யாவரும் புக்கபின்னரே பிள்ளையார் தம் துணைவியைக் கைப்பற்றி வலம்வந்து உட்புகுந்தார் என்பது சேக்கிழார் வாக்கின் கருத்து. கலியாணத்திற்கு வந்தவர்க்கு வீடுபேறே விருந்தாயிற்று.

அப்பரடிகள் கயிலைக்காட்சி கண்ட ஊரும் ஐயாறே. கயிலை மலைக்கு நடந்து உடல் தேய்ந்த அவர்க்கு, இறைவன் அக்காட்சியை ஐயாற்றில் வைத்தருளினான். ஆங்கே அவர் முதற்கண் கண்டவை பிடியொடு வந்த களிறும், பேடையொடு வந்த சேவலும், துணையொடு வந்த பிற உயிர்களுமே. அவ்விணைகளிலே அம்மையப்பரைக் கண்டார். அத்தலத்துள் வடகயிலாயமாகிய ஓலோகமாதேவீச்சரம் முதல் இராசராசன் தேவியின் திருப்பணி; தென்கயிலாயம் முதல் இராசேந்திரன் தேவியாகிய பஞ்சவன்மாதேவியின் திருப்பணி. மாமி முறையினர் ஒருவரும் மருமகள் முறையினர் ஒருவரும் ஒரு கோயிலின் இருபுறத்தும் கற்றளி அமைத்தது அவ்வூர்க்கு மிகவும் பொருந்துவதே.

ஐயாற்றுத் திருக்கோயிலையும் இவ்விழாவையும் தருமபுர ஆதீனம் புரந்துவருகின்றது. குடந்தை முதலிய ஊர்களிலும் இம்முறையைத் தழுவி ஏழூர் வலங்கள் நிகழ்வதுண்டு. ஐயாற்றில் ஏழு பல்லக்குகளும் ஒருங்கு கூடிய நிலையில், மலர் தூவும் பொம்மை ஒன்று ஒவ்வொரு பல்லக்கின்மீதும் பூச்சொரியும். சிறுவர் அதனைக் காணத் தந்தையர் தோள்மேல் ஏறுவர். பூச்சொரிதல் முடிந்தபின் ஆறூர் இறைவரும் ஐயாறப்பரிடம் விடைபெற்றுத் தத்தம் ஊர்க்குத் திரும்புவர். அவரவர் பல்லக்கின் பின்னே அவ்வவ்வூர் மக்களும், உறங்கும் குழந்தைகளைத் தோளில் இட்டுக்கொண்டு, ஆற்றுமணலைக் கடந்து செல்வர்.