சைலன்சருக்குள் ஒரு தேன்கூடு

ஆர்எக்ஸ் 100 சைலன்சரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே தகடும் குழாயும்தான் இருக்கும். புகையைச் சுத்தம் செய்கிற சமாச்சாரம் எதுவும் கிடையாது. 1985-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து அந்த வண்டியை இறக்கியபோது, கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் நச்சுதான் வெளியே விடலாம் என்ற கணக்கே நம் நாட்டில் இல்லை. 98 சிசி, 11 குதிரைத்திறன். 1996-ல் உற்பத்தி நின்றது. இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. அதில் கழற்ற ஒன்றுமில்லை. கழற்றுகிற கதை அதன் தம்பி ஆர்எக்ஸ் 135-ல்தான் ஆரம்பிக்கிறது.

கதை புரிய வேண்டுமென்றால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் புதுப் பெட்ரோல் உள்ளே வருவதற்கும் எரிந்த புகை வெளியே போவதற்கும் தனித்தனி வேளை உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் வாசலும் கொல்லைப்புறமும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே கொல்லை வழியாகப் போய்விடும். கார்புரேட்டர் வண்டியில் இது மூன்றில் ஒரு பங்கு வரைகூடப் போகலாம். கூடவே டூ-டி ஆயில் எரியும் புகை வேறு.

ஓடிப்போகிற பெட்ரோலைத் திருப்பிப் பிடிக்க ஒரு வித்தை உண்டு. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் அதைச் செம்மைப்படுத்தினார். சைலன்சர் குழாய் நடுவில் வயிறு பெருத்து வாலில் சிறுத்திருந்தால், உள்ளே ஓடும் அழுத்த அலை முட்டித் திரும்பி வந்து பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். 1961-ல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பியோடி சுசூகியில் சேர்ந்தார். வித்தையும் கூடவே ஜப்பானுக்குப் போனது. ஆகவே டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது சத்தம் குறைக்கும் குழாய் மட்டுமல்ல, அது எஞ்சினில் பாதி. அதில் கை வைத்தால் இழுவை மாறும்.

கை வைத்தது சட்டம். 1991-ல் முதல் வரம்பு வந்தது. 1996-ல் பைக்குகளுக்கு கிலோமீட்டருக்கு 4.5 கிராம் கார்பன் மோனாக்சைடு. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 3.6 கிராம். 2000 ஏப்ரலில் இரண்டுமே 2 கிராமுக்கு இறங்கின. கசிவதே சுபாவமாக உள்ள எஞ்சினுக்கு இது கழுத்தைப் பிடிக்கிற கணக்கு. கம்பெனிகள் சைலன்சருக்குள் ஒரு உலோகத் தேன்கூட்டைச் செருகின. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு. எரியாத பெட்ரோலும் மோனாக்சைடும் அதன் மேல் பட்டு தண்ணீராகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாறும். பெயர் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். வாயில் நுழைகிற மாதிரி சொன்னால் ‘கேட்கான்’. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும். ஈயமில்லாப் பெட்ரோல் 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்தான்.

சிக்கல் வண்டி பழசானதும் வந்தது. டூ-டி ஆயிலின் கரி தேன்கூட்டின் துளைகளை மெல்ல அடைத்தது. புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் திணறியது. “வண்டி இழுக்கலண்ணே” என்று வருகிறவனுக்கு மெக்கானிக் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: “கேட்கானைத் தூக்கிடு தம்பி.” புதுசு வாங்கி மாட்டலாமே என்று கேட்கலாம். 135 தயாரிப்பு 2005-ல் நின்றுபோனது. கன்வர்ட்டர் உள்ள அசல் சைலன்சரைத் தேடுவதைவிட, 100-ன் சைலன்சரை மாட்டுவது சுலபம், மலிவு.

திருவெறும்பூர் மாதிரி ஊரில் அறுத்து ஒட்ட ஆள் தேட வேண்டியதே இல்லை. பெல் ஆலை, படைக்கலத் தொழிற்சாலை, துவாக்குடி வரை பரவிய சிறு பட்டறைகள். வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் நடத்துகிறது பெல். வெல்டிங் தெரிந்த கை தெருவுக்கு ஒன்று இருக்கிற பூமி இது.

சட்டப்படி இது குற்றம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. காற்று மாசு வரம்பை மீறி ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை. ஆனால் பிடிக்கிற வலையில்தான் ஓட்டை. புகைப் பரிசோதனை, நின்ற இடத்தில் ஐடிலிங்கில் நடக்கிறது. 2000 ஏப்ரலுக்குப் பிந்தைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு ஹைட்ரோகார்பன் வரம்பு 4,500 பிபிஎம். டூ ஸ்ட்ரோக்குக்கு 6,000. இந்த எஞ்சின் கசியத்தான் செய்யும் என்று சட்டமே தலையாட்டியிருக்கிறது. சைலன்சருக்குள் தேன்கூடு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க அந்தச் சோதனையில் இடமே இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “பெரிய பெரிய பவர் ஹவுஸ் விடாத புகையா பாஸ் நாங்க விட்டுட்டோம்?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருவெறும்பூரில் உருவான பாய்லர்கள் நாடெங்கும் அனல் நிலையங்களில் எரிகின்றன. அனல் நிலையங்கள் கந்தக டைஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. கெடு இரண்டு வருடம். அது தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான அலகுகளுக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்கு கிடைத்தது. பையன் கழற்றினால் அபராதம், பெரிய இடம் மாட்டாமலே இருந்தால் விலக்கு. கோபம் வரத்தான் செய்யும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பெரிய அனல் நிலையத்தின் புகைபோக்கி 220 மீட்டர், 275 மீட்டர் உயரம். புகை அங்கிருந்து விரிந்து நீர்த்து இறங்குகிறது. பைக்கின் புகைபோக்கி தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து வருகிற எரியாத பெட்ரோலில் புற்றுநோய் தரும் பென்சீன் இருக்கிறது. தஞ்சாவூர் ரோட்டு சிக்னலில் அதை முதலில் இழுப்பது பின்னால் நிற்கும் டிவிஎஸ் 50-யில் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தை. அந்த மூச்சுக்கு அரசு கொடுத்த விலக்கு எந்த விதத்திலும் பதிலாகாது.

ஆர்எக்ஸின் சத்தம் அழகுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு, 2000-ல் நாம் அரைகுறையாகப் போட்டு அப்படியே விட்டுவிட்ட ஒரு ஒப்பந்தம் உடைகிற சத்தம். கன்வர்ட்டரை மாட்டச் சொன்னவர்கள், அது அடைத்த பிறகு என்ன செய்வது என்று சொல்லவில்லை. அந்த வேலையை மெக்கானிக்கின் ரம்பம் செய்து முடித்தது.