ஒன்பதுக்கு ஒன்பது

காங்கிரஸை அடிக்க 1959 கேரள ஆட்சிக் கலைப்பை எடுப்பவர்கள் 1977 ஏப்ரல் 30-ஐத் தொடுவதில்லை. நெருக்கடி நிலையில் சிறைக்குப் போனவர்கள் ஜனதா கட்சியாக டெல்லியில் பதவியேற்று ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநில முதல்வர்களுக்கு உள்துறை அமைச்சர் சரண் சிங் கடிதம் எழுதினார்: சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லி நீங்களே ஆளுநருக்குப் பரிந்துரையுங்கள் என்று. சில மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஏழு நீதிபதிகள் அமர்வு கைவிரித்துவிட்டது. பொறுப்புக் குடியரசுத் தலைவர் பி.டி. ஜட்டி கலைப்பு உத்தரவில் கையெழுத்துப் போடத் தயங்கினார், பிறகு போட்டார். மக்களவைத் தேர்தலில் தோற்ற கட்சிக்கு மாநிலத்தை ஆளத் தார்மிக உரிமை கிடையாது என்பது ஜனதாவின் வாதம். 1980 பிப்ரவரி 17-இல் இந்திரா காந்தி அதே வாதத்தை எடுத்து, எண்ணிக்கைகூடப் பிசகாமல் ஒன்பது ஆட்சிகளைக் கலைத்தார்.

1977-உம் 1980-உம் ஒன்றா என்று கேட்பார்கள். 1977 மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பல சட்டமன்றங்கள் ஐந்தாண்டு முடிந்தும் பதவிக்காலத்தை நீட்டிய 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் தயவில் நீடித்தவை. நியாயமான கேள்விதான். ஆனால் உத்தரப் பிரதேசமும் ஒரிசாவும் 1974-இல்தான் வாக்களித்திருந்தன. அங்கே இந்தச் சமாதானம் செல்லாது. பத்திரிகைகளின் வாயைக் கட்டிவிட்டு 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது இதைவிடக் கொடிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக 1977-ஐக் கணக்கில் எழுதாமல் விட முடியுமா?

மக்களவைத் தேர்தலில் தோற்றால் மாநிலத்தை ஆளும் உரிமை போய்விடும் என்ற வாதமே பிழை என்று காட்டியவர்கள் தமிழக வாக்காளர்கள். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் அணிக்கு 39-இல் 37 இடங்கள். அதைக் காட்டித்தான் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடங்களைக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுக்கு முன் தன் ஆட்சியைக் கலைத்த இந்திராவோடு தி.மு.க. அப்போது கூட்டணியில் இருந்தது. அ.தி.மு.க. மட்டும் என்ன, 1976-க்கு அடுத்த ஆண்டே மக்களவைத் தேர்தலில் அவரோடு நின்ற கட்சிதான். 1991 ஜனவரி 30-இல் மறுபடி தி.மு.க.வின் முறை வந்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், காங்கிரஸ் தயவில் நின்ற சந்திரசேகர் அரசு கலைத்தது. கலைக்கச் சொல்லிக் கேட்டவர்களின் முன்வரிசையில், 1980-இல் அடிபட்ட அ.தி.மு.க. இருந்தது.