‘அழகு சிகிச்சை’ என்னும் சொல்லின் வரலாறு

நல்கொண்டா மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் விடுதியில் தங்கி ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு தாளை என் மேசைமீது வைத்தார். அவருடைய முன்பற்கள் நான்கில் பழுப்புக் கறையும் சிறு குழிகளும் உண்டு. அவற்றை ‘பாண்டிங்’ முறையில் மூடிச் செப்பனிட்டுக்கொண்டதற்கான செலவைத் தர இயலாது என்று காப்பீட்டு நிறுவனமொன்று அனுப்பிய பதில் அது. காரணம் ஒரே தொடரில் சொல்லப்பட்டிருந்தது: ‘இது அழகு சிகிச்சை.’

“எட்டு வயது வரை நான் குடித்த தண்ணீருக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் இது” என்றார் நண்பர்.

விதிகளில் இடம்பெறும் சொற்களுக்கும் ஒரு கடந்தகாலம் உண்டு. இந்தச் சொல் இந்தச் சிகிச்சையின்மீது எப்படி வந்து அமர்ந்தது என்பதை ஆராய்ந்தபோது கிடைத்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பாண்டிங்கின் வரலாறு அழகில் தொடங்கவில்லை. பல்லைக் குடையாமல் காப்பாற்றுவது எப்படி என்ற கேள்வியில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பல் அடைப்பதற்குப் பெரிதும் பயன்பட்டது வெள்ளி முதலிய உலோகங்களோடு பாதரசம் கலந்த அமால்கம். அது பல்லோடு ஒட்டாது. ஆகவே வாய் குறுகி அடி அகன்ற குழியாகப் பல்லைக் குடைந்து, அடைப்பு கழன்று விழாதபடி அதனுள் இறுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் ஜி. வி. பிளாக் இக்குழிகளின் வடிவ இலக்கணத்தை வகுத்து 1908-இல் நூலாக வெளியிட்டார். சொத்தை மீண்டும் பரவாதிருக்க, அதனருகே நலமாக இருக்கும் பகுதியையும் சேர்த்து வெட்டுவதே அக்கால நெறி. முன்பல்லின் முனை உடைந்தவருக்கு நிலைமை இன்னும் கடினம். சிலிகேட் சிமெண்டு பல்லின் நிறத்தில் இருந்தாலும் உமிழ்நீரில் கரைந்தது. நிலையான தீர்வு வேண்டுமெனில் பல்லைச் சுற்றிலும் செதுக்கி அதன்மீது உறை மாட்ட வேண்டும். சிறு குறையைச் சரிசெய்யப் பெரும்பகுதிப் பல்லை இழக்க நேர்ந்தது.

இந்த நிலையை மாற்றியது 1955-இல் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய மைக்கேல் புவோனோகோர் அதை எழுதினார். உலோகப் பரப்பின்மீது வண்ணப்பூச்சு நன்கு பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்துவதுண்டு. அதே உத்தியைப் பல்லிலும் கையாளலாமே என்பது அவருடைய எண்ணம். பற்சிப்பியின்மீது 85 விழுக்காட்டு பாஸ்பாரிக் அமிலத்தை 30 நொடிகள் வைத்துக் கழுவினார். அமிலம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கியது. அவற்றினுள் புகுந்து இறுகிய அக்ரிலிக் பிசின் பல்லைப் பற்றிக்கொண்டது. குழியைக் குடையாமலே ஒரு பொருளைப் பல்லில் நிலைநிறுத்த முடியும் என்பது அன்று உறுதியாயிற்று. அமிலத்தின் செறிவு இன்று ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது, அடிப்படை மாறவில்லை.

அக்ரிலிக் பிசின் இறுகும்போது மிகவும் சுருங்கும். அதனால் விளிம்பில் இடைவெளி விழும். அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிலையத்தில் பணிபுரிந்த ரஃபேல் போவன், சுருக்கம் குறைந்த புதியதொரு பிசினை உருவாக்கி, சிலிக்காத் துகள்களை அதனோடு பிணைத்து 1962-இல் காப்புரிமை பெற்றார். இன்று பல் மருத்துவமனைகளில் ‘காம்போசிட்’ என வழங்கும் பொருள் அந்த வழியில் வந்தது. மருத்துவர் நீல ஒளியைப் பாய்ச்சியதும் அது இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது காம்பர்குயினோன். கற்பூரத்திலிருந்து பெறப்படும் மஞ்சள் நிறச் சேர்மம். பற்சிப்பிக்கு அடியிலுள்ள ஈரமான டென்டைனில் பிசினை ஒட்டச் செய்வதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. பிசினும் டென்டைனும் ஊடுருவிக் கலந்த அடுக்கை ஜப்பானிய ஆய்வாளர் நகபயாஷி 1982-இல் விளக்கிய பிறகே அந்தப் பிணைப்பு தெளிவாகப் புரிந்தது.

இந்த முறையின் தொடக்ககாலப் பெரும்பயன்களுள் ஒன்று, குழந்தைகளின் கடைவாய்ப் பற்களிலுள்ள பள்ளங்களைப் பிசினால் மூடிச் சொத்தை வராமல் தடுத்ததுதான். 1960களில் புவோனோகோரும் அவருடைய சகாக்களும் அதில் ஈடுபட்டிருந்தார்கள். ‘அழகு’ வேறொரு வழியாக வந்தது. கலிஃபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர் திரைப்பட நடிகர்களுக்காக மெல்லிய பல் முகப்புகளைச் செய்து தந்தார். ஒட்டும் பொருள் இல்லாத காலமாதலால், படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். அமிலமும் காம்போசிட்டும் வந்த பிறகு அந்தத் திரைப்புன்னகை நிலையாக ஒட்டக்கூடியதாயிற்று. பல்லைக் காக்கப் பிறந்த முறை, புன்னகையை விற்கும் தொழிலின் விளம்பரப் பலகையில் ஏறியது இப்படித்தான்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். வெண்மையான பல்லே அழகு என்பது திரையும் பற்பசை விளம்பரமும் உண்டாக்கிய மதிப்பீடு அல்லவா? கறை படிந்த பல்லை மூடிக்கொள்ள விரும்புவது அந்த மதிப்பீட்டுக்குப் பணிவதாகாதா?

இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவிலேயே பல்லின் கருமை அழகாகப் போற்றப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தில்லி, லக்னோ முதலிய நகரங்களில் பெண்கள் ‘மிஸ்ஸி’ என்னும் பொடியைப் பல்லிலும் ஈறிலும் தேய்த்துக் கருமையேற்றிக்கொண்டார்கள். பதினாறு ஒப்பனைகளைச் சொல்லும் பட்டியல்களில் அதற்கும் இடமுண்டு. இரும்பு உப்பும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து கருமை தருவதே அதன் வேதியியல். அன்னபேதியும் மாசிக்காயும் சேர்ந்து எழுதுமை ஆவதைப் போன்றது. பல குடும்பங்களில் அது மணமான பெண்ணுக்குரிய அடையாளம். கணிகையர் மரபில் ஒரு பெண் தொழிலுக்குள் நுழைவதைக் குறிக்கும் சடங்குக்கும் அதே பெயர். எனவே பல்லின் நிறத்துக்கு மாறாத இலக்கணம் ஏதுமில்லை.

ஆயினும் மிஸ்ஸியின் கருமையையும் என் நண்பரின் கறையையும் ஒன்றாக எண்ணக்கூடாது. முன்னது, அந்தச் சமூகத்தில் பொருளுடைய ஓர் ஒப்பனை. பின்னது, யாரும் விரும்பிப் பூசிக்கொண்டதன்று.

1937-இல் ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டச் சிற்றூர்களில் கண்ட ஃபுளூரைடு நஞ்சேற்றத்தைப் பற்றி எழுதினார்கள். முதுகெலும்பு இறுகிக் குனிந்து போனவர்களையும், பற்கள் கறைபட்டவர்களையும் அவர்கள் ஒரே நோயின் பாதிப்புகளாகக் கண்டார்கள்; காரணம் குடிநீர். பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடு, குழந்தையின் தாடைக்குள் பல் உருவாகும்போதே பற்சிப்பியின் அமைப்பைக் குலைக்கிறது. முன்பற்களின் பற்சிப்பி உருவாகி முடிந்த பிறகு அதே நீரைக் குடித்தாலும் அவற்றில் இக்கறை ஏற்படாது. பற்சிப்பி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதுமில்லை. ஆகவே பல்லில் காணும் கறை, ஒருவர் தம் முதல் எட்டு ஆண்டுகளில் எந்த நீரைக் குடித்தார் என்பதற்கான ஆவணம். நண்பர் சொன்ன வயதுக்கணக்கு மருத்துவ நூல்களின் கணக்கோடு பொருந்துகிறது.

1970களில் நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு நீரிலிருந்து ஃபுளூரைடை நீக்கும் முறையொன்றை வகுத்தபோது, அதற்கு ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர் வைத்தது. ஒரு மாவட்டத்தின் துயரம் ஒரு தொழில்நுட்பத்தின் பெயராயிற்று. இந்தியத் தரநிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். மாற்று நீர்வழி இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை ஏற்கப்படும். 2008–09-இல் ஃபுளூரோசிஸ் தடுப்புக்கெனத் தேசியத் திட்டமும் தொடங்கிற்று. நீரைத் திருத்துவதே முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் நீர் திருந்துவதற்கு முன் வளர்ந்துவிட்ட தலைமுறையின் பற்களை எந்தக் குழாய் நீரும் மாற்றாது.

அந்தத் தலைமுறைக்குப் பல் சிகிச்சை எங்கே கிடைக்கிறது? ஆர். அகமது 1920-இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. கல்லூரிகளும் பதிவேடுகளும் பெருகின. எனினும் இந்நாட்டில் பல் சிகிச்சை பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில் கைப்பணம் கொடுத்துப் பெறுவதாகவே நிலைத்துவிட்டது. கறை சிற்றூரிலும் காம்போசிட் நகரத்திலும் இருக்கின்றன. கறைபட்ட பல்லின் மேலடுக்கு சில வேளைகளில் அமிலத்துக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை என்பதும், ஒட்டிய பிசினைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செப்பனிட வேண்டியிருக்கும் என்பதும் செலவைக் கூட்டுகின்றன.

இப்போது சொல்லுக்குத் திரும்புவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986-இல் குடிநீர்க்கான ஃபுளூரைடு வரம்பை லிட்டருக்கு 4 மில்லிகிராம் என வைத்தது. எலும்பு முடங்குவதைத் தடுப்பதே அந்த வரம்பின் நோக்கம். பற்கறையை ‘அழகு சார்ந்த விளைவு’ என வகுத்து, கட்டாயமற்ற 2 மில்லிகிராம் வரம்பை அதற்குத் தந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2006-இல், அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றக் குழு இதை மறுபரிசீலனை செய்தது. கடுமையான ஃபுளூரோசிஸில் பற்சிப்பி குழிவிழுந்து உதிர்வதால் பல்லைக் காக்கும் அதன் ஆற்றலே கெடுகிறது. ஆகவே அதனை உடல்நலக் கேடாகவே கருத வேண்டும் என்று குழுவின் 12 உறுப்பினர்களில் 10 பேர் கருதினார்கள். ஒரே பல், ஒரே கறை. வகைப்பாடு மட்டும் மாறியது. ‘அழகு’ என்பது பல்லின் இயல்பைக் கூறும் சொல் அன்று, செலவும் பொறுப்பும் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் சொல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெண்பற்களின்மீது மேலும் வெண்மை ஏற்றிக்கொள்வோர் அதை அழகு சிகிச்சை என்றே அழைத்துக்கொள்ளட்டும். குழிவிழுந்த பற்சிப்பியை மூடுவதற்கு அப்பெயர் பொருந்தாது. அது, பொதுக் குடிநீர் தந்த சேதத்தைத் தனிமனிதர் தம் பணத்தில் செப்பனிட்டுக்கொள்வது.

நண்பரும் நானும் சேர்ந்து மேல்முறையீட்டுக் கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறோம். பல் மருத்துவரின் சான்றிதழோடு 1937-ஆம் ஆண்டுக் கட்டுரையின் படியையும் இணைத்தோம். பதில் இன்னும் வரவில்லை.